ஒன்பதாவது றீல்

திருகோணமலை,
12-6-1944, திங்கட்கிழமை.

சுன்னாகத்தில் தமையனார் வீட்டில் இருக்கும் குணேஸ்வரிக்கு, குலசிங்கம் எழுதுவது.

சுகம் கேட்டு எழுதும் வழக்கம் நமக்குள் நின்று இரண்டு வருடமாகிறது. ஆகவே நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

உமது தபாலட்டை போன செவ்வாய்க்கிழமை டொக்யார்ட் விலாசத்துக்கு வந்தது. அட்டையில் எழுதியது சிக்கனமா, நாலு பேர் வாசிக்கட்டும் என்ற எண்ணமா, நான் அறியேன். தணிக்கைக்காரர் வாசித்தார். ஸ்டோர்ஸில் என்னோடு வேலை செய்யும் கிளாக்குமார் இரண்டு பேர் வாசித்தார்கள். கடைசியில் நான் வாசித்தேன். ‘இங்கே புஷ்பவதனி படம் பார்த்தேன். உங்கள் ஊருக்கும் வருகிறதாம். கட்டாயம் பார்த்துவிட்டு எழுதுங்கள். அண்ணர் எனக்கு மாத்தளையில் ஒரு பெண்கள் விடுதியில் மேற்பார்வை வேலை பேசியிருக்கிறார். உங்கள் கடிதத்தைக் கண்ட பிறகே அவர்களுக்குப் பதில் சொல்வேன்.’ ஆறு மாதத்துக்குப் பிறகு வந்த அட்டை. அதிலும் முதல் வரி ஒரு சினிமாவைப் பற்றி.

படங்களைப் பற்றிய என் அபிப்பிராயம் உமக்குத் தெரியும். பதினான்கு வருடக் குடித்தனத்தில் இரண்டு தடவைதான் உம்மோடு கொட்டகைக்கு வந்திருப்பேன். இரண்டு தடவையும் பாதியில் எழும்பினேன், நீரும் முகத்தை நீட்டிக்கொண்டு பின்னால் வந்தீர். ஆனாலும் நேற்று ஞாயிற்றுக்கிழமை போனேன். இருட்டடிப்புச் சட்டத்தால் இங்கே பகல் இரண்டு மணிக்கே காட்சி தொடங்கிவிடுகிறது. தகரக் கூரை, உள்ளே அடுப்புப் போல வெக்கை. யுத்தச் சம்பளம் வாங்கும் கூட்டம் முழுவதும் தலைக்கு எண்ணெய் பூசிக்கொண்டு வந்திருந்தது. பள்ளிக்கூடத்தில் என்னிடம் கணக்குப் படிக்கமாட்டேன் என்று ஓடியவர்கள் எல்லாரும் முதலாம் வகுப்புக் கதிரையில் இருந்தார்கள். நான் வாங்குப் பலகையில் இருந்தேன்.

கதை இதுதான். நீர் பார்த்ததுதானே, இருந்தாலும் எனக்கு விளங்கியதை எழுதுகிறேன். கோயிலூரில் பாடகர் மகள் புஷ்பவதனி. பணக்கார வீட்டுப் பிள்ளை சோமசேகரன். ஆற்றங்கரையில் ஏழு பாட்டுப் பாடிக் கல்யாணம் செய்கிறார்கள். பிறகு திருவிழாவில் ஒன்றுமில்லாத விஷயத்துக்கு வாய்த்தர்க்கம். அவளுடைய தமையன் வண்டி கட்டிக்கொண்டு வந்து அவளைக் கூட்டிப் போகிறான். (தமையன்மார் எல்லா ஊரிலும் ஒரே மாதிரித்தான்.) சோமசேகரன் தனியே இருந்து வீணை வாசிக்கிறான். அவனுக்காக எனக்குக்கூடக் கொஞ்சம் மனம் இளகியது. அந்த இடத்தில் படம் ஒரு குதி குதித்தது. இந்தக் கொட்டகையில் அது வழமை. அடுத்தபடி பார்த்தால் அவள் வெள்ளைச் சேலை உடுத்து ஓர் ஆசிரமத்தில் இருக்கிறாள். கடைசியில் அவன் நோயாளியாகி, மழையில் நனைந்து அந்த வாசற்படியில் வந்து விழுகிறான். யார் இவர் என்று கேட்கிறார்கள். ‘இவரை எனக்குத் தெரியாது’ என்று சொல்லிவிட்டு அவள் விளக்கேற்றப் போகிறாள். அவன் சாகிறான். அவள் பாடுகிறாள். படம் முடிந்தது.

சனம் திரைக்குக் கச்சான் கடலைக் கோதை எறிந்தது. எனக்கு முன்னால் இருந்த ஒரு மனுசி எழும்பி நின்று மண்ணள்ளித் திட்டாத குறையாகத் திட்டினாள். நான் எழும்பாமல் இருந்தேன். நீர் பார்க்கச் சொன்னது எதை என்று எனக்கு அப்போதுதான் பட்டது. ‘இவரை எனக்குத் தெரியாது.’ அதை நேரே எழுதியிருக்கலாமே. அதற்கு ஏன் ஒரு நடிகையைக் கூலிக்குப் பிடிக்கவேண்டும்?

நான் உமக்குச் செய்தது என்ன? அன்று காலை ஜப்பான்காரன் குண்டு போட்டுவிட்டுப் போன கையோடு நான் பள்ளிக்கூடத்துக்கு ஓடியது வரவு இடாப்புகளை எடுக்க. இந்தப் பள்ளிக்கூடத்தில் இன்னின்ன பிள்ளைகள் படித்தார்கள் என்று சொல்ல அதைவிட வேறு சாட்சி இல்லை. ‘ஒரு மணித்தியாலம் பொறும்’ என்று உமக்குச் சொல்லிவிட்டுத்தான் போனேன். திரும்பி வரும்போது படலை ஆவென்று திறந்து கிடந்தது. அடுப்பில் சோறு பாதி வெந்திருந்தது. அன்று இங்கே வந்து நின்ற உமது தமையன் அருளம்பலத்தாரின் லொறி உம்மை ஏற்றிக்கொண்டு போய்விட்டது. ஒரு மணித்தியாலம். அதைக்கூடப் பொறுக்க உமக்கு ஏலாமல் போயிற்று. அந்த இடாப்புகளுக்கும் நன்றி இல்லை. பள்ளிக்கூடம் திரும்பத் திறந்தபோது மனேச்சர் என்னைவிடப் பத்து வயது குறைந்த ஒருவனைத் தலைமையாசிரியன் ஆக்கினார். நான் இங்கே ஆணியும் கயிறும் எண்ணிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

நான் வந்து கூப்பிடவில்லை என்பது உமது குறை. நீராகப் போனீர், நீராக வரவேண்டும் என்பது என் நியாயம். இந்த இரண்டு வருடத்தில் ஒரு தடவையாவது இந்த ஊர்ப் பக்கம் வந்து, இந்த மனிதன் இருக்கிறானா செத்தானா என்று பார்த்தீரா?

மாத்தளைக்குப் போவதென்றால் போம். நான் தடுக்கமாட்டேன். குளிர் ஊர், கம்பளி எடுத்துக்கொள்ளும்.

இப்படிக்கு,
த. குலசிங்கம்.

*

திருகோணமலை,
14-6-1944, புதன்கிழமை.

குணேஸ்வரி அறிய வேண்டியது,

திங்கட்கிழமை நான் எழுதிய கடிதம் இன்னும் உமது கைக்கு வராவிட்டால், வந்ததும் வாசிக்காமல் வையும். வந்துவிட்டதென்றால் மாத்தளைக்காரருக்குப் பதில் எழுதாமல் ஒரு கிழமை பொறும். ஏன் என்று எனக்கே சரியாக விளங்கவில்லை. நடந்ததை எழுதுகிறேன்.

நேற்றுத் தேத்தண்ணி நேரம் ஸ்டோர்ஸில் பெரிய சண்டை. ஊர் முழுவதும் இப்போது இந்தப் படத்தின் கதைதான். சலூனில், சங்கக் கடைக் கூப்பன் வரிசையில், கோயில் வீதியில், எங்கே போனாலும் புஷ்பவதனியைத் திட்டுகிறார்கள். எங்கள் தங்கத்துரை அதற்குள் இரண்டு தரம் பார்த்துவிட்டாராம். ‘அவளும் ஒரு பொம்பிளையோ? புருசன்காரன் வாசற்படியில சாகிறான், அவள் விளக்குக் கொளுத்திறாள்!’ என்று மேசையில் அடித்துச் சொன்னார். அங்கே ஸைனுலாப்தீனும் இருந்தார். கிண்ணியாவுக்கு அப்பால் குறிஞ்சாக்கேணியில் இருந்து தினமும் லோஞ்சில் துறை கடந்து வேலைக்கு வருகிறவர், அதிகம் பேசாதவர். அவர் கோப்பையை வைத்துவிட்டு, ‘தங்கத்துர அண்ணன், அவன் செஞ்ச வேலைக்கி அவ கொள்ளிக்கட்டையால சுட்டிருக்கணும். வெளக்கோட உட்டாளே, அது பெரிய மனசு’ என்றார்.

‘அவன் என்ன செய்தவன்? பாவம், வீணைதானே வாசிச்சுக்கொண்டிருந்தவன்.’

‘வீணைக்கிப் பொறகு? கேட்டடியில செஞ்சது?’

‘எந்தக் கேட்?’

படத்தில் கேட் ஒன்றும் இல்லை என்று தங்கத்துரை கோயிலில் சத்தியம் செய்ய ஆயத்தமானார். தன் மனைவி றஹ்மா அந்தக் கேட் காட்சியைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் தன்னோடு கதைக்கவில்லை என்றார் ஸைனுலாப்தீன். ‘நான் என்ன செஞ்ச? நான் ஒழுங்காத்தானே வீட்ட போற’ என்று அவர் பரிதாபமாகக் கேட்க எல்லாரும் சிரித்தார்கள்.

பிறகுதான் சங்கதி வெளியே வந்தது. இந்தப் படத்துக்கு உள்ளது ஒரே பிரதி. முதலில் மூன்று நாள் கிண்ணியாக் கொட்டகையில் ஓடியது. சனிக்கிழமை ஒன்பதாவது றீல் அறுந்துபோக, ஒட்டுவதற்காக அதை மட்டும் எடுத்து வைத்திருக்கிறார்கள். மற்றப் பெட்டிகள் ஞாயிறு காலை கடற்படை பெர்மிட்டோடு இங்கே வந்துவிட்டன. ஒட்டி முடித்த றீலைக் கொண்டு வந்தபோது துறைமுகக் காவலில் நின்ற வெள்ளைக்காரன், பெர்மிட் இல்லாத தகரப் பெட்டி துறை கடக்க ஏலாது என்று திருப்பி அனுப்பிவிட்டான். புதுப் பெர்மிட்டுக்குப் பத்து நாளாம். இங்கே கொட்டகைக்காரர் யோசித்திருக்கிறார்: ஒரு றீல் குறைந்தால் யாருக்குத் தெரியப்போகிறது? அவர் நினைத்தது சரி. ஒருவருக்கும் தெரியவில்லை. நான் படித்தவன் என்று பெயர். எனக்கும் தெரியவில்லை.

அந்த றீலில் என்ன நடக்கிறது என்று ஸைனுலாப்தீனைக் கேட்டேன். ‘அவ திரும்பி வந்தவ மாஸ்டர். வாசல் மட்டும் வந்தவ’ என்றார். மணி அடித்துவிட்டது. பின்னேரம் துறையடியில் பிடித்து மறுபடி கேட்டேன். வாயால் சொன்னால் விளங்காது, சனிக்கிழமை அரை நாள்தானே, வந்து பாருங்கள் என்றார். படம் இங்கே வந்துவிட்டதால் கையில் மிஞ்சிய அந்த ஒரு றீலை மட்டும் கிண்ணியாவில் இன்னும் ஓட்டுகிறார்களாம். சனமும் போய்ப் பார்க்கிறதாம்.

திரும்பி வந்தாளாம். நீர் என்னைப் பார்க்கச் சொன்னது இதைத்தானா? எனக்கு ஏன் அதைக் காட்டவேண்டும்? நேற்றுப் பின்னேரத்தில் இருந்து யோசிக்கிறேன். ஒரு கணக்கில் ஒரு வரியை யாரோ அழித்துவிட்டு விடையைச் சரியா பிழையா என்று கேட்பது போல இருக்கிறது.

சனிக்கிழமை துறை கடப்பேன். அதுவரை மாத்தளைக்கு ஒன்றும் எழுதாதேயும். இதை ஒரு கட்டளையாக எடுக்கவேண்டாம்.

குலசிங்கம்.

*

திருகோணமலை,
19-6-1944, திங்கட்கிழமை.

என் குணேஸ்வரிக்கு,

உமது இரண்டு வரி சனிக்கிழமை காலை வந்தது. ‘கடிதம் கிடைத்தது. இருபத்தாறாம் திகதி மாத்தளைக்குப் பயணம்.’ எந்தக் கடிதம் கிடைத்தது என்று எழுதவில்லை. முதலாவதாகத்தான் இருக்கும். இரண்டாவதைத் தணிக்கைக்காரர் வைத்து யோசித்துக்கொண்டிருப்பார். துறைமுகம், பெர்மிட், வெள்ளைக்காரன் என்று அதில் எழுதித் தொலைத்தேன்.

உமது வரியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் சனிக்கிழமை பகல் லோஞ்சில் ஏறினேன். குடாவில் சாம்பல் நிறக் கப்பல்கள் நெருக்கமாக நின்றன. ஒவ்வொன்றையும் சுற்றிப் போய்ச் சேர ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஆயிற்று. ஸைனுலாப்தீன் துறையில் வந்து நின்றார். மணலில் கிடுகும் சாக்குப் படங்குமாகக் கட்டிய கொட்டகை. நடுவே ஒரு சேலைத் திரை. அதற்கு அந்தப் பக்கம் பெண்கள். கொட்டகைக்காரர் என்னை மாஸ்டர் என்று அறிந்து தன் பக்கத்தில் கதிரை போட்டார்.

பத்து நிமிஷம் ஓடுகிற துண்டு. முதலும் இல்லை, முடிவும் இல்லை. ஒரு மாட்டுவண்டி வந்து பெரிய இரும்புக் கேட் முன்னால் நிற்கிறது. புஷ்பவதனி இறங்குகிறாள், கையில் ஒரு பெட்டி. காவற்காரன் கேட்கிறான்: ‘யாரைப் பார்க்கவேண்டும் அம்மா?’ அவள் தலையைக் குனிகிறாள். ‘இந்த வீட்டு எசமானை.’ ‘இங்கே எசமான்மார் மூன்று பேர். பெயர் சொல்லுங்கள்.’ அவள் பேசாமல் நிற்கிறாள்.

சேலைத் திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பெண், ‘பேரச் சொல்லு புள்ள! சொன்னாத்தானே தொறப்பான்!’ என்று கத்தினாள். இன்னொரு குரல், ‘கூறு கெட்டவளே, புருசன்ட பேர எப்பிடிடீ வாயால சொல்லுற?’ என்று அவளை அடக்கியது. கொட்டகை முழுவதும் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. குணேஸ்வரி, பதினான்கு வருடத்தில் நீர் ஒரு நாளாவது என் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை. ‘இஞ்சேருங்கோ’ என்பீர். மற்றவர்களுக்குச் சொல்வதானால் ‘மாஸ்டர்’ என்பீர்.

பிறகு அவள் சொல்கிறாள்: ‘கோயிலூர்ப் பாடகர் வீட்டார் வந்திருப்பதாகச் சொல்.’ காவற்காரன் உள்ளே போய் அப்படியே சொல்கிறான். சோமசேகரன் வீணையிலிருந்து முகத்தை எடுக்கவில்லை. மைத்துனன்தான் வந்திருக்கிறான் என்று நினைக்கிறான். ‘நான் ஊரில் இல்லை என்று சொல்.’ காவற்காரன் திரும்புகிறான். சோமசேகரன் எழும்பி ஜன்னலுக்கு வருகிறான். வண்டி திரும்புகிறது. ஒரு சேலைத் தலைப்பு தெரிகிறது. அவன் அப்படியே நிற்கிறான். றீல் முடிந்தது.

விளக்கு எரிந்தது. கொட்டகைக்காரர் றீலைச் சுற்றி மறுபடி போட்டார், பிறகு இன்னொரு தரமும் போட்டார். நான் இருந்தேன். சனமும் இருந்தது. ‘மூணாந் தரமும் அவ பேரச் சொல்லப்போறல்ல மாஸ்டர்’ என்று அவர் பகிடி விட்டார். நான் பார்த்தது அவளை அல்ல, ஜன்னலடியில் அவன் முகத்தை. அவள்தான் வந்தவள் என்று அவனுக்குத் தெரிந்ததா இல்லையா? முதல் தரம் தெரியவில்லை என்று நினைத்தேன். இரண்டாந்தரம் தெரிந்தது என்று நினைத்தேன். சேலைத் தலைப்பைக் கண்டதும் அவன் கை ஜன்னல் கம்பியைப் பிடிக்கிறது. தெரியாவிட்டால் ஏன் பிடிக்கவேண்டும்? மூன்றாந்தரம் அந்த இடத்தையே கண்ணை விழித்துக்கொண்டு பார்த்தேன். ஒட்டுப் போட்ட இடம் அதுதான். வெள்ளைக் கோடுகள் மழை மாதிரி ஓடி முகத்தை மறைத்துவிட்டன. திரும்பி வரும்போது ஸைனுலாப்தீனைக் கேட்டேன். ‘தெரிஞ்சிருக்கும்’ என்றார். கொஞ்ச நேரம் கழித்து, ‘தெரிஞ்சிருக்காது’ என்றார். பிறகு, ‘றஹ்மாட்ட கேக்க வேணாம்’ என்றார்.

அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை என்று எழுதினால் நீர் நம்பமாட்டீர், குண்டு விழுந்த இரவும் குறட்டை விட்டவன் நான். ஆனால் உண்மை.

இன்று காலை வேலைக்குப் போனதும் வாசற் பியோன் கதிராமனைத் தனியே கூப்பிட்டேன். தொள்ளாயிரத்து நாற்பத்திரண்டு ஆவணியில் என்னைத் தேடி ஆட்கள் வந்தார்கள் என்று ஒரு நாள் வந்து சொன்னாயே, ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். ‘ஓம் ஐயா, ஒரு அம்மா’ என்றான். ஆட்கள் என்று சொன்னாயே என்றேன். ‘அவ சொன்னதைத்தான் ஐயா சொன்னனான். ஆரைப் பாக்கவேணும் எண்டு கேட்டன், மாஸ்டரை எண்டா. இஞ்ச மாஸ்டர்மார் மூண்டு பேர், பேரென்ன எண்டன். நிலத்தைப் பாத்துக்கொண்டு நிண்டவ. பிறகு, கண்ணாடியின்ர ஒரு காலுக்கு நூல் கட்டியிருப்பார் எண்டா. அப்பத்தான் உங்களையெண்டு விளங்கினது. சுன்னாகத்து அருளம்பலம் வீட்டு ஆக்கள் வந்திருக்கினம் எண்டு சொல்லச் சொன்னவ.’

நான் சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கிறது. ‘நான் இல்லையெண்டு சொல்லு.’ அருளம்பலத்தார் என்ற பெயரைக் கேட்டதும் வேறொன்றையும் கேட்க எனக்குக் காது இருக்கவில்லை.

நீர் அந்த வெயிலில் பகல் மணி அடிக்கும் வரை நின்றீராம். போகும்போது கையிலிருந்த ஓலைப் பெட்டியைக் கதிராமனிடம் கொடுத்துவிட்டுப் போனீராம். பனங்காய்ப் பணியாரம். ‘நீங்களும் ரெண்டு சாப்பிட்டனீங்கள் ஐயா. நல்லாயிருக்கு, ஆர் சுட்டது எண்டும் கேட்டனீங்கள்’ என்றான். ஒரு அம்மா தந்தது என்று சொன்னானாம். நான் கையைத் துடைத்துவிட்டு வேலையைப் பார்த்தேனாம். ‘வேறை ஒண்டும் கேக்கேல்லையோ அவ?’ என்று கேட்டேன். ‘சுகமா இருக்கிறாரோ எண்டு கேட்டவ. ஓம் எண்டு சொன்னனான்’ என்றான்.

அதற்கு முன் நீர் வீட்டுக்கும் போயிருப்பீர். அதையும் இப்போது எழுதிவிடுகிறேன். அந்த வருடம் ஆனியிலேயே கடற்படை நமது வீட்டை எடுத்துக்கொண்டுவிட்டது. அடுக்களைச் சுவரை இடித்துக் கதவு வைத்திருக்கிறார்கள். உமது மல்லிகைப் பந்தலில் மாலுமிமார் காற்சட்டை காயப்போடுகிறார்கள். நான் உப்புவெளியில் ஓர் அறையில் இருக்கிறேன். துறைமுகத்துக்குப் பக்கத்தில் வீடு வேண்டாம் என்று கல்யாணத்தின்போதே உமது தமையனார் சொன்னார். அவர் சொன்னது சரியாய்ப் போயிற்று என்று அவர் கேட்க ஒருவரும் சொல்லக்கூடாது என்பதற்காக இரண்டு வருடமாக அதை உமக்கு எழுதவில்லை. இப்படி எழுதிப் பார்க்கும்போது எவ்வளவு சிறிய காரணமாக இருக்கிறது!

இனி எழுதுவதுதான் எனக்குக் கஷ்டம். இந்தக் கடிதத்தைத் தொடங்கும்போது, ‘வந்தது நீர் என்று எனக்குத் தெரியாது, தெரிந்திருந்தால் ஓடி வந்திருப்பேன்’ என்று எழுதத்தான் இருந்தேன். அது நல்ல வசனம். ஆனால் அன்று கதிராமன் திரும்பிப் போனபிறகு நானும் ஜன்னலடிக்குப் போனேன். தெருவோரம் ஒரு லொறி நின்றது. குடை பிடித்துக்கொண்டு ஒரு பெண் அதை நோக்கி நடந்து போனாள், முதுகுதான் தெரிந்தது. அருளம்பலத்தாரின் மனைவி என்று நினைத்தேன். அப்படித்தான் இரண்டு வருடமும் நினைத்தேன். ஆனால் அவர் உயரமானவர், வேகமாக நடப்பவர். லொறியில் போன அந்தப் பெண் உயரம் இல்லை, மெதுவாகவே நடந்தாள். அன்றைக்கே எனக்குத் தெரிந்ததா? தெரிந்துகொண்டுதான் திரும்பி வந்து மேசையில் இருந்தேனா? அப்படியென்றால், ஒரு தடவையாவது வந்து பார்த்தீரா என்று போன திங்கட்கிழமை உமக்கு எழுதியவன் யார்? எனக்குத் தெரியவில்லை குணேஸ்வரி. பொய் சொல்லக்கூடாது என்று முப்பது வருடம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவன், எது பொய் என்று தெரியாமல் இருக்கிறேன். ஒரு நேரம் தெரிந்தது போல இருக்கிறது, ஒரு நேரம் இல்லை. அந்த முகத்துக்கும் மேலால் மழைக் கோடு ஓடுகிறது.

ஒரு கூத்தையும் கேளும். இன்று பின்னேரம் சலூனில் வழமை போலப் புஷ்பவதனியைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். நான் கதிரையில் பாதி முகம் சவுக்கார நுரையோடு எழும்பி, அவள் திரும்பி வந்தவள், நீங்கள் பார்க்காததைப் பற்றித் தீர்ப்புச் சொல்லாதேயுங்கள் என்று சத்தம் போட்டேன். ‘உமக்கேன் மாஸ்டர் சூடு, அவள் உம்மடை பெண்சாதியோ?’ என்று யாரோ கேட்டான். எல்லாரும் சிரித்தார்கள். நேற்றோடு படம் இந்த ஊரை விட்டுப் போய்விட்டது. இந்த ஊர்க்காரர் சாகும் வரைக்கும் அவளைத் திட்டிக்கொண்டுதான் இருப்பார்கள்.

அங்கிருந்து நேரே திரும்பிப் போய் ஸ்டோர்ஸ் துரையிடம் நாலு நாள் லீவு கேட்டேன். இந்தத் துரையைப் பற்றி நான் உமக்கு நல்லதாக ஒன்றும் எழுதியதில்லை. என்ன காரணம் என்றார். சுகமில்லை, செத்தவீடு என்று மற்றவர்கள் சொல்வது போலச் சொல்லியிருக்கலாம். ‘என் மனைவியைக் கூட்டி வரப் போகிறேன்’ என்றேன். எனக்கு மனைவி இருப்பது அவருக்குத் தெரியாது. கையெழுத்து வைத்தார்.

வியாழக்கிழமை வவுனியா வரை லொறி. அங்கிருந்து ரயில். வெள்ளிக்கிழமை பின்னேரத்துக்குள் சுன்னாகத்தில் இறங்குவேன். உமக்குக் காட்ட என்னிடம் வீடு இல்லை, ஓர் அறையும் நல்ல தண்ணீர்க் கிணறும்தான் இருக்கிறது. வாரும் என்று கேட்க எனக்கு என்ன உரிமை என்று தெரியவில்லை. ஆனாலும் கேட்கத்தான் வருகிறேன்.

படலைக்கு வெளியே நிற்பேன். உமது தமையனாரோ வேலையாளோ வந்து யார் என்று கேட்டால் என் பெயரைச் சொல்லமாட்டேன். குணேஸ்வரியின் புருஷன் வந்திருக்கிறான் என்று சொல்வேன். நீர் என்ன நினைத்திருக்கிறீரோ அதுவே நடக்கட்டும். மாத்தளைக்குப் போவதுதான் என்றாலும் போம், இந்தத் தடவை கம்பளியைப் பற்றி எழுதமாட்டேன். ஒன்றே ஒன்றுதான். வேறு ஒருவரிடம் சொல்லி அனுப்பாதேயும். இல்லை என்று சொல்வதானாலும் நீரே படலை வரை வந்து சொல்லும்.

கடவுள் உம்மைச் சுகமாக வைத்திருக்கட்டும்.

குலசிங்கம்.